ஆறாவது கொடி

"அஞ்சாவது கூடும் காலி, டெல்பர்ட். இனிமேலும் நரி தின்னுடுச்சுன்னு என்கிட்ட கதை விடாதீங்க!"

மார்லா போட்ட சத்தத்தில், துளையிடும் இயந்திரத்தைச் சுற்றி நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஃபோர்மன் டெல்பர்ட் கையுறையைக்கூடக் கழற்றாமல் மெதுவாக வந்தார்.

"என்ன கோழி மேடம், காலையிலயே சூடா இருக்கீங்க?"

"நரி தின்னா ஓடு கிடக்கும். ஒரு சில்லுகூட இல்ல. யாரோ முட்டையை முழுசா எடுத்திருக்காங்க."

நெவாடாவின் அந்தச் சமவெளி அரசாங்க நிலம். கண்ணுக்கு எட்டிய வரைக்கும் சாம்பல் நிற சேஜ் புதர்தான். அடியில் லித்தியம் இருக்கிறதா என்று பார்க்க இருபது இடத்தில் துளை போட அனுமதி கொடுத்திருந்தார்கள். புதரடியில், தரையிலேயே புதர்க்கோழி அடைகாக்கிற கூட்டிலிருந்து இருநூறு அடிக்குள் இயந்திரமோ வண்டியோ வரக்கூடாது. அதைக் கண்காணிக்கிற வேலை மார்லாவுக்கு. கூடு காலியாகிவிட்டால் அந்தத் தடையும் போய்விடும்.

"ரெண்டு கூடு காலியான மறுநாளே அதே இடத்துல துளை போட்டீங்க. இதுல யாருக்கு லாபம்னு நானே சொல்லணுமா?"

"சட்டப்படிதான் போட்டேன். அதுக்காக என் ஆளுங்க முட்டை திருடுவாங்களா? எங்களுக்கு வேற சாப்பாடே இல்லையாம்மா?"

குழாய் தூக்குகிற ஒருவன் இயந்திரக் கம்பத்தின் உச்சியைக் கை காட்டினான். அங்கே வழக்கம்போல ஓர் அண்டங்காக்கை உட்கார்ந்திருந்தது. "வேணும்னா எங்க சூப்பர்வைசரையே கேளுங்க மேடம். அவருக்குத் தெரியாம நாங்க எங்கயும் போறதில்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். மார்லா சிரிக்கவில்லை. பதினாலு வருஷமாக அவள் இந்தக் கோழிகளை எண்ணுகிறாள். முதல் வருஷம், பெட்டைகளைக் கவர ஆடுகிற களத்துக்கு அறுபது சேவல் வந்தன. இந்த வருஷம் ஒன்பது. கண்டுபிடித்த கூடு ஏழு. அதில் ஐந்து போய்விட்டது.

"போன வருஷம் என்ன செஞ்சீங்க? கூட்டுலேர்ந்து இருபது அடி தள்ளிக் கொடி நட்டேன். உங்க தண்ணி லாரி கொடிக்கும் கூட்டுக்கும் நடுவுல பூந்து போச்சு. கோழியும் முட்டையும் சேர்ந்து நசுங்குச்சு. அதான் இந்தத் தடவ கூட்டை ஒட்டியே நட்டிருக்கேன். இடுப்பு உயரக் குச்சி, ஆரஞ்சுத் துணி. கண்ணு தெரியலன்னு இனிமே எவனும் சொல்ல முடியாது."

"எவனும் சொல்லலையே. கொடியைப் பார்த்தா எல்லாரும் ஒதுங்கித்தான் போறான். சரி, கூட்டுப் பக்கத்துல யாரு கால்தடம் இருந்துச்சு?"

"என்னோடது மட்டும்தான்."

"அப்புறம்?"

"மத்ததை அழிச்சிருப்பீங்க."

டெல்பர்ட்டின் முகம் கறுத்தது. மார்லா பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். "இதுல கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்னா வேலை நிக்கும். உங்க ஆளுங்க எட்டுப் பேரும் வீட்டுக்குப் போகணும்."

அவர் அப்போதுதான் கையுறையைக் கழற்றினார். "ஒரு நாள் குடுங்க. நாளைக்கு விடியும்போது நானும் வர்றேன். ஆறாவது கொடிகிட்ட காவல் இருப்போம். என் ஆள் எவனாவது வந்தா, அந்தத் தாளை நானே கொண்டுபோய்க் குடுக்குறேன்."

மறுநாள் விடிகிற நேரம். மேட்டில் நிறுத்திய பிக்கப் வண்டிக்குள் இரண்டு பேரும் காப்பி குடித்தார்கள். கீழே கொடி காற்றில் படபடத்தது. அதன் அடியில் கோழி உட்கார்ந்திருந்தது. மண் நிறம், புதர் நிறம். கொடி மட்டும் இல்லையென்றால் மார்லாவாலேயே அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

"ஒண்ணு சொல்லணும். திட்டக்கூடாது" என்றார் டெல்பர்ட். "குழாய் அடுக்கி வச்சிருக்கோம்ல, அதுக்குப் பின்னாடி ஒரு கூடு இருந்துச்சு. உங்ககிட்ட மறைச்சுட்டோம்."

"டெல்பர்ட்!"

"சொன்னா கொடி நட்டு லாரி போற வழியை மூடிடுவீங்க. தப்புத்தான். ஆனா முந்தாநாள் பொரிஞ்சுது. எட்டுக் குஞ்சு, நானே எண்ணினேன். நாங்க திருடுறவங்கன்னா அதை விட்டு வச்சிருப்போமா?"

அத்தனை இரைச்சலிலும் புகையிலும் எட்டுமே பொரித்திருக்கிறது. மார்லா பார்த்துப் பார்த்துக் காத்ததில் ஒன்றுகூட இல்லை.

வெளிச்சம் பரவியது. ஆள் வரவில்லை, வண்டி வரவில்லை, நரியும் வரவில்லை.

"பார்த்தீங்களா? நம்ம சூப்பர்வைசர்தான் வர்றாரு. கூட சம்சாரம் வேற" என்று டெல்பர்ட் சிரித்தார்.

இயந்திரக் கம்பத்திலிருந்து கிளம்பிய இரண்டு அண்டங்காக்கைகள் புதர்களுக்கு மேலே தாழப் பறந்து வந்தன. ஒன்று ஆறாவது கொடியின் குச்சிமேல் வந்து உட்கார்ந்தது. தலையைச் சாய்த்து, காலுக்கு நேர் கீழே பார்த்தது.

டெல்பர்ட்டின் சிரிப்பு நின்றுபோனது.

மார்லா கதவைத் திறந்துகொண்டு கத்தியபடி ஓடினாள். அவள் போய்ச் சேர்வதற்குள் கோழி பயந்து ஓடிவிட்டது. காக்கை ஒரு முட்டையை முழுசாகக் கவ்விக்கொண்டு எழும்பிவிட்டது.

அதன் ஜோடி வேறெங்கும் தேடவில்லை. அடுத்த மேட்டில் மார்லா நட்டிருந்த ஏழாவது கொடியை நோக்கி நேராகப் பறந்தது.