பச்சை அட்டை

"இன்னும் கொஞ்சம் வாந்தி ஊத்துங்க அக்கா. அந்த நீலச் சட்டைக்காரர் பக்கத்துல தரை பளபளன்னு இருக்கு, பார்க்கவே நல்லா இல்லை" என்றாள் ஒருங்கிணைப்பாளர்.

நர்ஸ் அக்கா வாளியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து நீலச் சட்டையின் காலடியில் ஊற்றினாள். ஓட்ஸ் கஞ்சியில் காபித்தூளும் மஞ்சள் சாயமும் கலந்தது. ஒருங்கிணைப்பாளர் காலை ஐந்து மணிக்கே எழுந்து தன் கையால் காய்ச்சியது. வாடை எதுவும் வராது, ஆனால் பார்த்தாலே குடலைப் பிரட்டும்.

ஆஸ்பத்திரியின் முன்கூடத்தில் அவசரகால ஒத்திகை. ஏதோ ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சாப்பிட்ட நாற்பது பேருக்கு உணவு விஷமாகிவிட்டதாகக் கற்பனை. நோயாளிகளாக நடிக்க ஒரு நாடகக் குழுவை வரவழைத்திருந்தாள். ஆளுக்கொரு நம்பர், கழுத்தில் ஓர் அட்டை. சிவப்பு என்றால் உடனே உள்ளே, மஞ்சள் என்றால் அடுத்து, பச்சை என்றால் கடைசி.

மூன்று வருஷமாக அவள் ஒப்பந்த வேலையில் இருக்கிறாள். இன்று கையில் ஒரு சுயமதிப்பீட்டுப் படிவம். நிகழ்ச்சி நடத்தும் திறமைக்குத் தனக்குத் தானே மார்க் போட்டு, ஒத்திகை முடிந்ததும் பெரிய டாக்டரிடம் கொடுக்க வேண்டும். ஐம்பதுக்கு நாற்பத்தைந்து தேறினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் இந்த மாதத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

முதல் கேள்வி, முன்னேற்பாடு. வாசல் காவலாளி வரைக்கும் சொல்லி வைத்திருந்தாள். "வயித்தைப் பிடிச்சுக்கிட்டு யார் வந்தாலும் கேள்வி கேட்காம எங்கிட்ட அனுப்பிடுங்க." தயங்காமல் பத்து போட்டாள்.

இரண்டாவது, ஆட்களை நிர்வகித்தல். தலைகளை எண்ணினாள். சரியாக நாற்பது. அதற்கும் பத்து. ஆனால் கையில் ஒரு சிவப்பு அட்டை மிச்சம் இருந்தது. பதினேழு.

பதினேழு யாரென்று தேட வேண்டியிருக்கவில்லை. "அந்த ஆள் கொஞ்சம் ஓவராப் பண்ணுவார் மேடம், நீங்கதான் அடக்கி வைக்கணும்" என்று குழுத் தலைவர் நேற்றே எச்சரித்திருந்தார். இதோ, தூணடியில் ஒருவர் சுருண்டு கிடந்து கூடமே அதிரும்படி முனகிக்கொண்டிருந்தார். கழுத்தில் அட்டை இல்லாத ஒரே ஆளும் அவர்தான்.

கிட்டே போனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைவாயில் எச்சில் ஒழுகியது. சட்டை முழுக்க ஏதோ கொழகொழவென்று அப்பியிருந்தது. புளித்த நாற்றம் வேறு மூக்கைத் துளைத்தது. வீட்டிலிருந்தே எதையோ கலக்கிக்கொண்டு வந்திருக்கிறான் மனுஷன். இதற்குப் பெயர் கலையாம்!

"அம்மா... முடியலைம்மா... டாக்டரைக் கூப்பிடும்மா..."

"கூப்பிடுவோம் சார். உங்க முறை வரட்டும்."

அவர் சட்டென்று அவள் கணுக்காலைப் பற்றினார். ஈரமான, பிசுபிசுத்த விரல்கள். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. வெடுக்கென்று காலை உதறினாள்.

"தொட்டு நடிக்கிற வேலையெல்லாம் இங்க வேணாம், சொல்லிட்டேன்!"

நர்ஸ் அக்கா ஓடி வந்தாள். "பதினேழு சிவப்புதானே? உள்ளே தூக்கிட்டுப் போயிடலாமா?"

"வேணாம்க்கா. இவரை உள்ளே விட்டா அங்கேயும் ஒரு மணி நேரம் சீன் போடுவார். நேரக்கணக்கு நாசமாயிடும்."

சிவப்பு அட்டையை இரண்டாகக் கிழித்தாள். ஒரு பச்சை அட்டை எடுத்து அதில் '17' என்று எழுதினாள். முகத்தை எட்டியே வைத்துக்கொண்டு, இரண்டு விரலால் அவர் கழுத்தில் மாட்டினாள்.

"சுவத்தோரமா உட்கார வைங்க. கிடக்கட்டும்."

"நல்லாத்தான் நடிக்கிறார், பாவம்" என்றாள் நர்ஸ் அக்கா.

"நல்லாவா? அருவருப்பா இருக்கு. நாளைக்கு வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது."

மூன்றாவது கேள்வி, எதிர்பாராத சிக்கலைச் சமாளித்தல். அந்தச் சுவர்ப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பத்து போட்டாள். வேண்டுமானால் பதினொன்றே போடலாம்.

அதற்குப் பிறகு எல்லாம் கடிகாரம் மாதிரி ஓடியது. சிவப்புகள் உள்ளே போயின, மஞ்சள்கள் போயின. பச்சைகள் ஒவ்வொன்றாக எழுந்து நடந்தே போயின. இருபத்திரண்டாவது நிமிஷம் பெரிய டாக்டர் கையிலிருந்த ஸ்டாப்வாட்சை நிறுத்தினார்.

"முப்பத்தொன்பது பேர் உள்ளே. பாக்கி ஒரே ஒரு பச்சை. பிரமாதம்மா! போன தடவை முக்கால் மணி நேரம் ஆச்சு."

மிச்ச இரண்டு கேள்விகளுக்கும் ஒன்பது ஒன்பது போட்டாள். எல்லாவற்றிலும் பத்து போட்டால் நன்றாக இருக்காது. கூட்டிப் பார்த்தாள். நாற்பத்தெட்டு.

சுவர்ப் பக்கம் சத்தமே இல்லை. பதினேழு தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். ஒருவழியாக அடங்கிவிட்டார். அடக்கி வைப்பதும் ஒரு திறமைதான், அதற்கு இந்தப் படிவத்தில் ஒரு கேள்வி இல்லையே!

அவள் குனிந்து, கணுக்காலில் காய்ந்திருந்த அந்த விரல் தடங்களைக் காகிதத்தால் அழுத்தி அழுத்தித் துடைத்தாள். பிறகு படிவத்தைப் பெரிய டாக்டரிடம் நீட்டினாள்.

அப்போது வாசலிலிருந்து ஒருவர் தொப்பை குலுங்க ஓடி வந்தார். முகத்தில் பாதிக்கு வெளிறிய பவுடர், கண்ணுக்குக் கீழே கறுப்பு மை. மூச்சு வாங்க அவளைப் பார்த்துக் கும்பிட்டார்.

"மன்னிச்சிடுங்க மேடம், பஸ்ஸை விட்டுட்டேன். பதினேழாம் நம்பர் நான்தான்."