விழ வேண்டிய பந்து

ஆயிரத்து நானூறு.

திரையின் மூலையில் எண் ஏறிக்கொண்டிருந்தது. மேலிருந்து இறங்கும் பந்தைக் கீழே ஒரு பலகை தாங்கித் திருப்பி அனுப்பியது.

அவன் மவுசிலிருந்து வலக்கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

பலகை தானாக நகர்ந்தது. பந்து விழவில்லை.

ஆயிரத்து நானூற்று ஒன்று.

"அக்கா, இதுக்கு நான் எதுக்கு?"



பைக் விபத்து நடந்து ஐந்து மாதம். அவன் வலது முழங்கையில் அறுந்த நரம்பைத் தைத்திருந்தார்கள். நாள்தோறும் அசைக்காவிட்டால் விரல்கள் அப்படியே இறுகிவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பிசைவதற்குக் கொடுத்த ரப்பர் உருண்டையை அவன் இரண்டாம் நாளே சன்னலுக்கு வெளியே எறிந்தான்.

இடக்கையால்.

கணினி விளையாட்டுகளுக்கு நிரல் எழுதுவது அக்காவின் வேலை. ஆளில்லாமல் ஓட்டிச் சோதிப்பதற்காக, பலகை பந்தைத் தானே பின்தொடரும்படி ஒரு வரி சேர்ப்பார்கள். சோதனை முடிந்ததும் நீக்கிவிடுவார்கள்.

தோற்றால் இதையும் எறிந்துவிடுவான் என்று, தம்பிக்காகச் செய்த இந்த விளையாட்டில் அவள் அந்த வரியை நீக்கவில்லை.

இலக்கு இருந்தது. இடக்கை கூடாது என்ற விதி இருந்தது. பந்தின் வேகம் தடையாக இருந்தது. ஆனால் அவன் அசைந்தாலும் அசையாவிட்டாலும் எதுவும் மாறவில்லை.

அவன் எழுந்தான்.

"இருடா. ஒரு நிமிஷம்."

"எதுக்கு? நீயும் அதுவுமே ஆடிக்குங்க."

வரியை அழித்தாள். எண் பூச்சியத்துக்குத் திரும்பியது.

அவன் நின்றபடியே மவுசின்மேல் வலக்கையை வைத்தான். முதல் பந்து பலகைக்கு ஒரு விரற்கடை தள்ளி விழுந்தது.

இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவதும்.

அவன் கழுத்து சிவந்தது. அழித்த வரியை மீட்கும் விசைகளின்மேல் அவள் விரல்கள் போய் நின்றன.

பிறகு கையை இழுத்துக்கொண்டாள்.

நான்காவது பந்து பலகையின் ஓரத்தில் பட்டு எகிறியது.

ஒன்று.

அவன் உட்கார்ந்தான்.

ஒன்பதாம் நாள் இருபத்தொன்றை எட்டினான். நாற்காலியை அவள் பக்கம் தள்ளினான்.

"நீ ஆடு பாப்போம். ஆபீஸ்ல இதத்தான பண்ற?"

பதினெட்டு. பத்தொன்பது. இருபது.

அடுத்த பந்தை விட்டுவிடலாம். கை சற்றுத் தாமதித்தால் போதும்.

அவன் திரையைப் பார்க்கவில்லை. அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இருபத்தொன்று.

இருபத்திரண்டு.

முப்பத்தாறில் பந்து அவளை மீறித் தப்பியது.

"நகரு அக்கா" என்றான்.