பிராக்டிகல் டெஸ்ட்

“ரெண்டு மணி நேரம் டைம். அதுக்குள்ள இந்த மெஷினை ஒழுங்கா ஓட வெச்சிட்டீங்கன்னா நீங்க பாஸ்,” என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார் மேனேஜர் முருகானந்தம். வெளியே இன்னும் நாலு பேர் இன்டர்வியூவுக்குக் காத்திருந்தார்கள்.

திருநள்ளாறு இருந்த திசைக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு சந்திரலேகா கீபோர்டை இழுத்தாள். அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். கூட இருக்க வேண்டும் என்றுதான் சென்னை வேலையை உதறிவிட்டுக் காரைக்கால் வந்தாள். இந்த லாரி புக்கிங் ஆபீஸும் கையை விரித்துவிட்டால் மறுபடி சென்னைக்குத்தான் மூட்டை கட்ட வேண்டும். அப்புறம் அம்மாவை யார் பார்ப்பது?

சர்வரில் எட்டு பிராசசர். வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு தகவலும் ‘என்னைக் கவனி’ என்று ஏதாவது ஒன்றைத் தட்டும், அதுதான் இன்டரப்ட். இங்கே அத்தனை தட்டும் ஒன்றின் தலையிலேயே விழுந்துகொண்டிருந்தது. மற்ற ஏழும் புது மாப்பிள்ளை மாதிரி சும்மா உட்கார்ந்திருந்தன.

“சார், எட்டும் வேலை செய்யட்டும்னு யாரோ 8னு எழுதியிருக்காங்க. இது எண்ணிக்கை இல்ல சார், குறியீடு; இதுல 8னா நாலாவது பிராசசர் மட்டும்தான். எல்லாத்துக்கும் சேத்து எஃப் எஃப்னு போடணும்.”

“அது நேத்து வந்த பையன் போட்டது. நீங்க சொல்லுங்க, எழுதிக்கிறேன்,” என்று நோட்டைப் பிரித்தார் அவர்.

முந்தாநாள் தேதியில் இன்னொருத்தர் கை வைத்திருந்தார். அதற்கு முந்தின நாள் வேறொருத்தர். டெஸ்ட் வைக்கிறவர்கள் பழசை அழித்துவிட்டுத் தரக்கூடாதா, என்ன சோம்பேறித்தனம் என்று எரிச்சல் வந்தது. ஆனால் கேட்டு வைத்து வேலையைக் கெடுத்துக்கொள்வாளா என்ன? ஒவ்வொரு குளறுபடியாகப் பிடுங்கிப் போட்டு, வேலையை எட்டுக்கும் பிரித்துவிட்டாள். திணறிக்கொண்டிருந்த திரை மடமடவென்று ஓடத் தொடங்கியது.

“ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாலும் இப்படியே இருக்குமா?”

“இருக்கும் சார். ஸ்டார்ட் ஆகறப்பவே தானா வர்ற மாதிரி எழுதிட்டேன்.”

“அடேயப்பா! பிரமாதம்மா!”

சந்திரலேகாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. முருகானந்தம் கதவைத் திறந்து ரிசப்ஷன் பெண்ணைக் கூப்பிட்டார்.

“நிலா, வெளியில உக்காந்திருக்கிறவங்க எல்லாரையும் அனுப்பிடும்மா.”

அப்பாடா, வேலை கிடைத்தாயிற்று! பையைத் திறந்து சர்டிபிகேட்டுகளை எடுத்தாள்.

“இவங்களையும்தான். மெஷின் சரியாயிடுச்சு.”