கிண்ணத்தில் கிடக்கும் மோதிரம்

பேக்கரியின் கண்ணாடி அறைக்குள் முதலாளியம்மா உட்கார்ந்திருக்கிறாள். எதிரே, வெயில் சாய்ந்து விழும் நீள மேசையில் மாஸ்டர் மாவு பிசைகிறான். தொப் தொப்பென்று அந்தச் சத்தம் கண்ணாடியைத் தாண்டி அவள் உள்ளங்கையில் வந்து விழுகிறது. மாவில் தண்ணீர் கொஞ்சம் கூடிவிட்டது. அவன் விரல்களில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. இனிமேல் மாவு உன் பொறுப்பு, நான் தலையிட மாட்டேன் என்று அவனிடம் சொன்னவள் அவள்தான். சொன்ன வாய் சும்மா இருக்கிறது, கைதான் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது. எழுந்து போகிறாள். மாவில் கை வைக்கிறவர்கள் மோதிரத்தைக் கழற்றிச் சுவர்ப்பலகையில் இருக்கும் பீங்கான் கிண்ணத்தில் போட்டுவிட வேண்டும். கடை தொடங்கிய நாளில் அவள் வைத்த வழக்கம். அவளும் கழற்றிப் போடுகிறாள். அவனுடைய மோதிரத்தின் மேல் அது கிணுக்கென்று விழ, அவன் நிமிர்கிறான். “என்னக்கா, தப்பா ஏதாச்சும்?” அதுவரை ஓடிக்கொண்டிருந்த கை, மாவுக்குள் அப்படியே நின்றுவிடுகிறது. அந்தக் கையையே அவள் பார்க்கிறாள். “ஒண்ணுமில்லடா. நீ பாரு.” தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொள்கிறாள். அவன் உலர்ந்த மாவை அள்ளி, மணிக்கட்டை ஒரு சுழற்று சுழற்றித் தூவுகிறான். அந்தச் சுழற்றல் அவளுடையது, அவள் கையைப் பார்த்து அவன் கற்றது. மாவு மேசையை விட்டு மெல்லப் பிரிந்து உருண்டு திரள்கிறது. அவள் திரும்பி நடக்கிறாள். “அக்கா, மோதிரம்!” “அது அங்கயே கெடக்கட்டும்டா, என் கை இன்னும் மாவுலதான இருக்கு,” என்று சொல்லிவிட்டு, கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.