கெட்டவர் வேஷம்

"மேனேஜரா நடிக்கிறவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. உங்கள்ல யாராவது அந்த வேஷம் போடுறீங்களா?"

நாடகக் குழுத் தலைவி கேட்டதும் சட்டை தைக்கும் கம்பெனியின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே சிரிப்பு. வலியப் போய்க் கெட்ட பேர் வாங்க யார் வருவார்கள்?

வந்தார் ஒருவர். சூப்பர்வைசர்.

பெண்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் விசில். செக்கிங் மேசையில் நிற்பவள் ஒரு நிமிடம் சுவரில் சாய்ந்தால் போதும், அவர் கழுத்தில் தொங்கும் விசில் அலறிவிடும்.

"நாள் பூரா ஆடுறது பத்தலையாம். மேடையிலயும் ஆடணுமாம்," என்று முணுமுணுத்தாள் பெரியக்கா. செக்கிங்கில் அவள்தான் மூத்தவள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னவள் காலைத் தடவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆறாவது மாதம். தைத்து வரும் சட்டைகளில் குறை பார்ப்பது வேலை. காலை முதல் மாலை வரை நின்றபடிதான் பார்க்க வேண்டும். கால் வீங்கிச் செருப்பு நுழைய மறுத்தது. உட்கார்ந்து பார்க்கிற வேலையென்றால் பார், இல்லையென்றால் இந்த மாதத்தோடு வேலையை விட்டு நின்றுவிடு என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நின்றுவிட்டால் மறுபடி எடுக்க மாட்டார்கள். ஒரு ஸ்டூலில் தொங்கிக்கொண்டிருந்தது அவள் பிழைப்பு.

நாடகமும் ஸ்டூலைப் பற்றித்தான். என்ன கதை வேண்டும் என்று போன வாரம் நாடகக் குழுவினர் பெட்டி வைத்தபோது, யாரோ பேர் போடாமல் சீட்டு எழுதிப் போட்டிருந்தார்கள்.

தலைவி விதியைச் சொன்னார். "ஸ்டூல் கேட்டு ஒரு பொண்ணு மேனேஜர்கிட்ட போறா. நடுவுல யார் வேணா 'நிறுத்து'ன்னு சொல்லலாம். மேல வந்து அவளுக்குப் பதிலா நீங்களே பேசலாம். மேனேஜர் வாயடைச்சுப் போனா நீங்க ஜெயிச்சீங்க."

நாடகம் தொடங்கியது. விசில் கால்மேல் கால் போட்டுச் சாய்ந்தார். "ஸ்டூலா? உக்காந்தா கை வேகம் குறையுமே?"

நடிகை தலை குனிந்தாள்.

"நிறுத்து," என்று பெரியக்கா ஏறினாள். "நீங்க மட்டும் உக்காந்துக்கிட்டுத்தானே பேசுறீங்க? மனசாட்சி இருக்கா?"

கூடம் கைதட்டியது. விசில் அசரவில்லை. "மனசாட்சி இருக்கட்டும். வேகம் குறையுமான்னு கேட்டேனே, அதுக்குப் பதில்?"

பெரியக்கா விழித்தாள், இறங்கினாள்.

அடுத்தவள் கெஞ்சினாள். "இத்தனை வருஷம் நின்னீங்களே, இப்ப என்ன புதுசா?" என்றார் விசில்.

மூன்றாமவள் சின்னவளைக் கைகாட்டி, அவளுக்காவது கொடுங்கள் என்றாள். "ஒருத்திக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பீங்களே?"

நான்காமவள் சண்டைக்கே போனாள். "அதெல்லாம் சரி," என்றார் விசில், "போடறதுக்கு இடம் எங்க இருக்கு?"

மனுஷருக்குக் குஷி தாங்கவில்லை. "இவ்வளவுதானா உங்க சாமர்த்தியம்? அடுத்தது யாரு?"

சின்னவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நிறுத்துங்க."

வயிற்றைப் பிடித்தபடி மெல்ல ஏறினாள்.

"வேகம் குறையாது சார். குறை இருக்குன்னு திரும்பி வர்ற சட்டையெல்லாம் மத்தியானம் மூணு மணிக்கு மேல பாத்ததுதான். கால் வலிக்க ஆரம்பிச்சா கண்ணு சட்டையில நிக்காது. இத்தனை வருஷமும் அப்படித்தான் திரும்பி வந்துச்சு, யாரும் ஏன்னு கேக்கல. எல்லாரும் கேப்பாங்கன்னா கேக்கட்டும், மேசைக்கு ரெண்டு போதும், மாத்தி மாத்தி உக்காருவோம். இடமா? மேசைக்கு அடியில காலியாத்தானே கிடக்கு? எழுந்ததும் உள்ள தள்ளிட்டுப் போறோம்."

விசில் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. கூடம் அதிர்ந்தது.

கீழே இறங்கும்போது அவர் சும்மா போகவில்லை. "மேடையில யார் வேணா பேசலாம்மா. நாளைக்குக் காலையில மேனேஜர் ரூமுக்கு வா. இந்த வாய் அங்கயும் இருக்கான்னு பாக்கறேன்."

"வரேன் சார்." ரோஷத்தில் சொல்லிவிட்டாள்.

அன்றைக்கு முழுக்க விசிலின் தலை உருண்டது. வெட்கம் கெட்டவர், ஈரமில்லாதவர், பிள்ளைத்தாய்ச்சியிடம் போய்ச் சவால் விடுகிறாரே என்று செக்கிங்கில் ஒருத்திகூடப் பாக்கியில்லாமல் திட்டினார்கள்.

மறுநாள் காலை, பெரியக்காவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சின்னவள் மேனேஜர் அறைக்குள் போனாள். விசில் ஓரமாகக் கை கட்டி, மின்விசிறியைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

விஷயத்தைக் கேட்டுக்கொண்ட மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். "உக்காந்தா கை வேகம் குறையுமே?"

பெரியக்கா சின்னவளின் கையை இறுகப் பிடித்தாள்.

சின்னவள் பதில் சொன்னாள். இரண்டாவது கேள்வி வந்தது. மூன்றாவது வந்தது. நான்காவதும் வந்தது. வரிசைகூட மாறவில்லை. ஏற்கெனவே எழுதிப் பார்த்த பரீட்சையை எழுதுவதுபோல் திக்காமல் திணறாமல் சொல்லி முடித்தாள்.

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரிம்மா. திங்கட்கிழமை ஸ்டூல் வந்துடும்."

பிறகு ஓரத்தில் நின்றவர் பக்கம் எரிச்சலோடு திரும்பினார். "மூணு மாசமா நீயும் ஸ்டூல் ஸ்டூல்னு என் உயிரை எடுக்குற. இதே நாலு கேள்வியைத்தானே உன்னையும் கேட்டேன்? ஒரு தடவையாவது இந்தப் பொண்ணு மாதிரி பதில் சொன்னியாய்யா?"

விசில் தலையைச் சொறிந்தார்.

"எனக்கு எங்க சார் தெரியும்? நிக்கிறவங்களுக்குத்தானே தெரியும்."