ஐந்து நாள் கத்தி

நெமேசியோவின் கடையில் கத்தி வாங்க வருகிறவர்கள் அதிகம் பேசுவதில்லை. எடுப்பார்கள், கட்டைவிரலில் கூர் பார்ப்பார்கள், முதுகுப்பக்கம் இடுப்பில் செருகிக்கொண்டு மாடு உரிக்கப் போய்விடுவார்கள்.

லராள்தே அரை மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தான். புவனோஸ் அயர்ஸிலிருந்து வந்திருந்தான். அவனுடைய சித்தப்பா தோன் சாத்துர்னினோவுக்கு ஊருக்கு வெளியே இரண்டாயிரம் ஹெக்டேர் நிலம். பிள்ளை குட்டி இல்லை. கிழவர் செத்தால் எல்லாம் இவனுக்கு. கிழவருக்குச் சாகிற உத்தேசம் இல்லை.

"தனியா வேட்டைக்குப் போறேன். கால்தேன் மரக் காட்டுல அஞ்சு நாள். நல்ல கத்தியா எடு."

"மடக்குக் கத்தி வேணாம் முதலாளி, கை வழுக்கினா மடங்கி உங்க விரலையே வாங்கிடும். முதுகுல ரம்பப் பல்லு, பிடிக்குள்ள திசைகாட்டின்னு ஒண்ணு இருக்கு. அது பொம்மை. இந்த எவர்சில்வர் கத்தியை எடுத்துக்குங்க. முதல் தடவை போறவங்களுக்கு இதுதான் சரி."

"முதல் தடவைன்னு யாரு சொன்னா?"

"உங்க பூட்ஸுதான்."

லராள்தே சிரிக்கவில்லை. "என் சித்தப்பாகிட்ட வேலை செய்யுற பைனே இருக்கானே, அவன் எதை வச்சிருக்கான்? அதே மாதிரி குடு."

நெமேசியோ உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்தார். லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது. ஒரு சாண் அலகு. இரும்பு பிடியின் கடைசி வரை ஓடியது.

"ரத்தம் பட்டா போயிடுமா?"

"துடைச்சாப் போகும்."

"யாராவது கண்டுபிடிக்க முடியுமா?"

நெமேசியோ நிமிர்ந்து பார்த்தார். "மானைக் கொன்னதை யாரு முதலாளி கண்டுபிடிக்கப் போறா?"

மேசையில் நெமேசியோவின் மதியச் சாப்பாடு கிடந்தது. ரொட்டி, உப்புக் கறி, பக்கத்தில் அவருடைய சொந்தக் கத்தி. அதன் அலகு கறுப்பும் நீலமுமாக இருந்தது. லராள்தே அதை இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குவது மாதிரி தூக்கினான்.

"என்ன கர்மம் இது? திங்கிற கத்தியைக்கூடக் கழுவ மாட்டீங்களா?"

"அது அழுக்கு இல்ல முதலாளி. அது வந்து..."

"உன் விளக்கம் எனக்கு வேணாம். புதுசைக் கட்டு."

நெமேசியோ புதுக் கத்தியின் அலகிலும், பிடியோரத்து இடுக்கிலும் மாட்டுக்கொழுப்பைத் தடவி, உறையில் செருகிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் காலை தோன் சாத்துர்னினோ படுக்கையில் கிடந்தார், நெஞ்சில் குத்துப்பட்டு. முதலில் பார்த்தவன் பைனே. அவன் கத்தியில் ரத்தம் இருந்தது. வீட்டுக்கு ஆடு அறுத்தேன், ஆட்டு ரத்தம் என்றான். பரிசோதனைக்கு அனுப்பினால் பதில் வர மாதங்கள் ஆகும், அதுவரை ஜெயில். முப்பது வருஷம் அந்த நிலத்தில் வேலி கட்டியவனுக்காக யாரும் வாய் திறக்கவில்லை. நெமேசியோ மட்டும் ஸ்டேஷனுக்குப் போய், லராள்தே கேட்ட கேள்விகளைச் சொன்னார்.

ஆறாம் நாள் சார்ஜெண்ட் ஒயர்சூன் லராள்தேயைக் கடைக்கே கூட்டி வந்தார். பைனேவை ஜெயிலுக்கு ஏற்றிய வண்டி வாசலில் என்ஜின் ஓடியபடி நின்றது.

"நீ வித்த கத்திதானே இது?" என்றார் சார்ஜெண்ட். "நீயே பாரு. ரத்தம் இருந்தா காட்டு. இல்லன்னா அவர்கிட்ட மன்னிப்புக் கேளு. வண்டி கிளம்பணும்."

நெமேசியோ கத்தியை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். அதில் அவர் முகம் தெரிந்தது. ரத்தம் ஒரு பொட்டு இல்லை.

"என்ன, ஏமாந்து போனியா?" என்றான் லராள்தே. "நான் கத்தியைச் சுத்தமா வச்சுக்கிறவன். உங்கள மாதிரி இல்ல."

நெமேசியோ தலையை ஆட்டினார். "தப்பா நெனச்சுட்டேன் முதலாளி. வேட்டை எப்படி?"

"கொம்பு மான் ஒண்ணு. அஞ்சு நாளும் அந்தக் கறிதான்."

"உரிச்சது, அறுத்தது எல்லாம் இந்தக் கத்தியிலயா?"

"பின்ன? வேற கத்தி ஏது? கறி மேல பிழிய எலுமிச்சை வெட்டினதுகூட இதுலதான்."

"சார்ஜெண்ட், கேட்டுக்கிட்டீங்களா?"

ஒயர்சூன் இடுப்பின் பின்னாலிருந்து தன் கத்தியை உருவி மேசையில் வைத்தார். கறுப்பு. நெமேசியோ தன்னுடையதைப் பக்கத்தில் வைத்தார். அதுவும் கறுப்பு. நடுவில் லராள்தேயின் கத்தி கல்யாணத்துக்கு வந்த மாதிரி மின்னியது.

"இது லாரிப் பட்டை இரும்பு, எவர்சில்வர் இல்ல முதலாளி," என்றார் நெமேசியோ. "ஒரு எலுமிச்சை வெட்டினாப் போதும், கறுத்துடும். கறி அறுத்தா நீலம் பாயும். கழுவினாப் போகாது, தேய்ச்சா கீறல் விழும். அன்னிக்கே சொல்ல வந்தேன், விளக்கம் வேணாம்னுட்டீங்க." பிடியோரத்து இடுக்கை நகத்தால் சுரண்டிக் காட்டினார். "நான் தடவின கொழுப்புகூட அப்படியே இருக்கு. இந்தக் கத்தி மானையும் பார்க்கல, உங்க சித்தப்பாவையும் பார்க்கல. வேட்டைக்குப் போனேன்னு காட்டத்தான் வாங்கியிருக்கீங்க."

"அஞ்சு நாளும் எங்க இருந்தீங்க?" என்றார் சார்ஜெண்ட்.

லராள்தே வாசலைப் பார்த்தான். பைனே இறங்குவதற்காக வண்டியின் பின்கதவைத் திறந்துகொண்டிருந்தார்கள்.

கத்தியில் ரத்தம் இருந்து அந்த வண்டியில் ஏறியவர்களை ஊர் நிறையப் பார்த்திருக்கிறது. கத்தி சுத்தமாக இருந்ததற்காக ஏறிய முதல் ஆள் லராள்தேதான்.