நிராகரி பொத்தான்

"நிராகரிக்கிற பொத்தான் எனக்கு மட்டும்தான் இருக்கணும். வேற யாருக்கும் குடுக்காத."

மலர்கொடி மேடம் சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

பூங்குழலிக்கு மவுஸில் வைத்த கை அப்படியே நின்றது.

சின்ன வெங்காயம் போடுகிற விவசாயிகளுக்குச் சேமிப்புப் பட்டறை கட்ட உதவித்தொகை கொடுக்கும் அறக்கட்டளை அது. பெரம்பலூரில் ஒரு மாடியில் ஆபீஸ். இந்த வருடம் விண்ணப்பம் எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறுகிறது. யார் படிக்கலாம், யார் மார்க் போடலாம், யார் முடிவெடுக்கலாம் என்று மென்பொருளில் அமைத்துத் தருவது பூங்குழலியின் வேலை.

குரும்பலூரில் அவள் வீட்டுக்கு அவள்தான் முதல் பட்டதாரி. வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. அதற்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் மலர்கொடி.

"பார்த்தியா?" என்றாள் தா.பழூர் பக்கம் பார்க்கும் களப்பணியாளர் ஜெயசித்ரா. "ஊர் ஊராப் போயி வெயில்ல அலையுறது நாம. வேணாம்னு தள்ளுறது மட்டும் மகாராணி. என்ன ஆண்டவரே, வாயத் தொறங்க."

குன்னம் பகுதிக் களப்பணியாளர் ஆண்டவர் வாயைத் திறந்தார். டீ குடிக்க.

சொன்னபடி அமைத்துக் கொடுத்தாள் பூங்குழலி. முதலில் குன்னம் பகுதி விண்ணப்பங்கள் பரிசீலனைக்கு வந்தன. மலர்கொடி மளமளவென்று சிலவற்றை நிராகரித்தார். விண்ணப்பித்தவர்களின் செல்போனுக்குத் தானாகவே செய்தி போனது. அதன் கடைசி வரியில், முடிவெடுத்தவர் பெயரும் நம்பரும்.

தன் பெயர் ஊரெல்லாம் போக வேண்டும் என்று மேடத்துக்கு இவ்வளவு ஆசையா?

பூங்குழலி அன்றைக்கு முழுக்க அதையே யோசித்தாள். ஒரு விவசாயியின் விண்ணப்பத்தைத் தனி ஒரு ஆள் தள்ளிவிடலாம் என்றால், மென்பொருள் எதற்கு? வேலை போனாலும் போகட்டும், கேட்டுவிடுவது என்று முடிவெடுத்தாள்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"மேடம், ஒருத்தரே நிராகரிக்கிறது சரியில்லைங்க. ரெண்டு பேர் தனித்தனியாப் படிச்சு, ரெண்டு பேரும் அமுக்குனாத்தான் விண்ணப்பம் தள்ளுபடி ஆகணும். அப்படி அமைக்க வழி இருக்கு. நான் மாத்துறேங்க."

ஜெயசித்ரா மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தாள். அது பாராட்டா எச்சரிக்கையா என்று தெரியவில்லை.

மலர்கொடிக்குக் கோபம் வரவில்லை. "நல்ல யோசனைதான். ரெண்டாவது ஆளு யாரு?"

மலர்கொடி மேசையைச் சுற்றிப் பார்த்தார்.

"களப்பணி பார்க்குறவங்க யாராச்சும்? ஜெயசித்ரா?"

ஜெயசித்ரா ஃபேனைப் பார்த்தாள்.

"ஆண்டவரே?"

ஆண்டவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது மலர்கொடியின் போன் அடித்தது. எடுத்தார். எதிர்முனைக் கத்தல் மேசை முழுக்கக் கேட்டது. குன்னம் பக்கத்து விவசாயி ஒருவர்.

"ஆமாங்க, நான்தான் தள்ளுனேன்... திட்டுங்க, கேக்குறேன்... ஆண்டவரா? அவர ஏங்க இழுக்குறீங்க? உங்களுக்குக் குடுக்கணும்னுதான் அவரு எழுதியிருந்தாரு. நான்தான் கேக்கல."

பூங்குழலி திடுக்கிட்டாள்.

மென்பொருளில் எல்லா அனுமதியும் உள்ளவள் அவள். யார் என்ன மார்க் போட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அந்த விவசாயிக்கு ஏற்கெனவே ஒரு பட்டறை இருக்கிறது, கொடுக்க வேண்டாம் என்று எழுதியதே ஆண்டவர்தான்.

போனை வைத்துவிட்டு, "விடுங்க, அடுத்த விஷயத்துக்கு வாங்க," என்றார் மலர்கொடி.

ஆண்டவர்தான் வாயைத் திறந்தார். இந்த முறை டீ இல்லை.

"அவரு எங்க தெருக்காரருங்க. போன வருசம் நிராகரிச்ச தபால் எல்லாம் என் கையெழுத்துல போச்சு. அப்புறம் என் பையன் காதுகுத்துக்குத் தெருவுல ஒருத்தரும் எலை முன்னாடி ஒக்காரல. ஆக்குன சோறு அப்படியே கெடந்துச்சு. மேடமும் அவங்க வூட்டுக்காரரும் மட்டும் வந்து சாப்பிட்டாங்க."

ஜெயசித்ரா ஃபேனிலிருந்து கண்ணை இறக்கினாள்.

"இப்ப சொல்லு பூங்குழலி," என்றார் மலர்கொடி. "மாத்தத்தான் போறியா?"

"மாத்தத்தான் போறேங்க மேடம். ஒருத்தரே தள்ளுறது தப்புதான்."

லேப்டாப்பைத் திறந்தாள். இரண்டாவது ஆள் என்ற இடத்தில் தன் பெயரை அடித்தாள். கீழே தன் செல் நம்பர்.

"ஏய், லூசா நீ? வேலை நிரந்தரம் ஆகுறதுக்குள்ள ஊர்ச் சாபம் எல்லாம் வாங்கணுமா?" என்றாள் ஜெயசித்ரா.

"எனக்குக் குன்னத்துலயும் தா.பழூர்லயும் சொந்தக்காரங்க யாரும் இல்லைங்க. ஆனா ஒண்ணு, முழுசாப் படிக்காம அமுக்க மாட்டேன். சில நேரம் உங்க கூடச் சண்டை போடுவேன் மேடம்."

"போடு," என்றார் மலர்கொடி.

சண்டை போட்டாள். தா.பழூர் விண்ணப்பங்களில் மலர்கொடி தள்ள நினைத்த ஒன்றை அவள் அமுக்க மறுத்தாள். அது பிழைத்தது. மற்றவற்றை இருவரும் அமுக்கினார்கள்.

மறுநாள் காலை பஸ்ஸில் அவள் போன் அடித்தது. புது நம்பர். எடுத்ததுமே, "ஏம்மா, யாரு சொல்லிம்மா என்னுதத் தள்ளுனீங்க? அந்த ஜெயசித்ராதானே?" என்று ஒரு குரல் சீறியது.

பூங்குழலி கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"யாரு என்ன எழுதுனாங்கன்னு சொல்ல மாட்டேங்க. தள்ளுனது மலர்கொடி மேடம்... நானும்தான். திட்டுங்க, கேக்குறேன்."